புயல் கூண்டு ஏறிய பிறகு மருந்துக்கடை: சீட்டு, இன்சுலின், கரண்ட்

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய தகவல் பரவியதும், தீவிலும் மண்டபம் பக்கமும் கடைகளில் பாராசிட்டமாலும் இருமல் டானிக்கும் சரசரவென்று போகும். அவை தீர்ந்தால் பெரிய ஆபத்தில்லை. மூன்றாம் நாள் நனைந்த மருந்துச் சீட்டோடு வருகிறவர்கள் கேட்பது வலிப்பு மாத்திரையும் இன்சுலினும். பாம்பன் பாலத்தில் போக்குவரத்து நின்றிருந்தால், ராமநாதபுரத்திலிருந்து வரவேண்டிய ஸ்டாக்கிஸ்ட் (மொத்த மருந்து வியாபாரி) வண்டி அக்கரையிலேயே நிற்கும்.

அவசரநிலை அறிவித்துவிட்டால் சீட்டு இல்லாமலே மருந்து தரலாம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதி நம்மிடம் இல்லை. மருந்துக்கடை அத்தியாவசியச் சேவை என்பதால் ஷட்டரைத் திறந்து வைக்க அனுமதி உண்டு, அவ்வளவுதான். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65-ஆம் விதி புயலிலும் அப்படியே நிற்கிறது. சீட்டில் மருத்துவர் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். திரும்பவும் கொடுக்கலாம் என்று அவர் எழுதாவிட்டால் அந்தச் சீட்டுக்கு ஒரு தடவைதான். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் வந்த தளர்வுகூட, மருந்து வீட்டுக்குப் போய்ச் சேரும் வழியைத்தான் மாற்றியது. சீட்டை மின்னஞ்சலில் அனுப்பலாம், அதே வருவாய் மாவட்டத்துக்குள் வீட்டில் கொண்டுபோய்த் தரலாம் என்றது. சீட்டே வேண்டாம் என்று அது சொல்லவில்லை.

ஆகவே வழி சீட்டில்தான் இருக்கிறது. கடைசிச் சீட்டின் இரு பக்கத்தையும் இன்றே போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். டவர் வேலை செய்தால் அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனையான இ-சஞ்சீவனியிலோ, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் வீடியோவிலோ பேசிப் புதுச் சீட்டு வாங்கலாம், அது செல்லும். தூக்க மாத்திரை, மனநல மருந்து சிலவற்றைத் தொலைபேசி ஆலோசனையில் எழுத முடியாது. அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் காற்று கிளம்பும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவதே நல்லது.

எவ்வளவு முன்னால்? வானிலை மையம் புயலுக்கான முதல் கண்காணிப்பு அறிவிப்பை 72 மணி நேரம் முன்பும், அடுத்ததை 48 மணி நேரம் முன்பும், எச்சரிக்கையை 24 மணி நேரம் முன்பும் தருகிறது. கடைக்காரர் ஆர்டர் போடவேண்டியது முதல் அறிவிப்பில். 24 மணி நேர எச்சரிக்கை வரும்போது எல்லாக் கடையும் ஒரே ஸ்டாக்கிஸ்டைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஆனால் மழை எப்போதும் இப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதற்குப் பெயர் வைத்த புயல் எதுவும் தேவைப்படவில்லை. அதனால் ஐப்பசியிலிருந்து மார்கழி முடியும்வரை இன்சுலின், வலிப்பு மாத்திரை, இதய மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், ஸ்டீராய்டு ஆகியவற்றில் 15 நாள் இருப்புக்குக் கீழே இறங்கவே கூடாது.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. கடலுக்குப் போக அனுமதியாகத் தரும் டோக்கனை மீன்வளத்துறை நிறுத்தினால் படகு கடலுக்குப் போகாது, கையில் காசும் இராது. 15 நாள் மாத்திரை வாங்கி வைக்கவேண்டிய அதே வாரத்தில்தான் 'அஞ்சு மாத்திர மட்டும் வெட்டிக் குடுங்க' என்பார்கள். எல்லாவற்றையும் கடனில் தரச் சொல்லவில்லை. கொழுப்பு மாத்திரை, வைட்டமின் இரண்டு நாள் பொறுக்கும். தைராய்டு மருந்து உடம்பில் மெல்லத்தான் குறையும் என்பதால் ஓரிரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வலிப்பு மாத்திரை, பீட்டா பிளாக்கர் வகை இதய மாத்திரை, நாள்பட்ட ஸ்டீராய்டு, இன்சுலின் நான்கும் சட்டென நிற்கக் கூடாதவை. கணக்கில் எழுதிக் கொடுப்பதென்றால் இவற்றுக்கு எழுதுங்கள். வெட்டிக் கொடுக்கும்போது பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் அச்சான முனை கடையில் இருக்கும் துண்டில் நிற்கட்டும். அவை இரண்டையும் வாங்குகிறவரின் உறையில் எழுதிவிடுங்கள். வேல்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை ஈரத்தை உறிஞ்சும். அதை அட்டையிலிருந்து உதிர்த்துத் தாளில் மடித்துக் கொடுத்தால் கடற்கரை ஈரத்தில் பிசுபிசுத்துவிடும். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறவர்கள், வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

அவசரத்தில் நடக்கும் தவறுகளில் நாங்கள் மிகவும் அஞ்சுவது சிரிஞ்சு மாற்றத்தை. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். அந்த அளவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. குப்பி தீர்ந்துபோய், கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். அதாவது இரண்டரை மடங்கு. முகாமில் சாப்பாடு தாமதமாகும் இரவில் இது உயிருக்கே உலை வைக்கும். தலைகீழாக நடந்தால், 20 யூனிட்டுக்குப் பதில் 8 யூனிட்தான் போகும். சிரிஞ்சு தரும்போது குப்பியின் லேபிளைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டே தர வேண்டும்.

கரண்ட் போனால் கடை ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். கீழ்த்தட்டில் தண்ணீர் பாட்டில்களை அடைத்து வைத்தால் குளிர் கூடுதல் நேரம் நிற்கும். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி உள்ள இன்வெர்ட்டரில் ஃபிரிட்ஜை மட்டும் ஓட்டினால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். அதிலேயே லைட்டும் ஃபேனும் ஓடினால் அந்தக் கணக்கு நிற்காது. உள்ளே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குறைந்தபட்சமும் அதிகபட்சமும் பதியும் தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் சொல்லவே முடியாது. ஐஸ்கட்டி மேல் இன்சுலினை நேராக வைக்கக் கூடாது. உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம், வேலை செய்யாது. கலங்கலான வகையை உள்ளங்கையில் உருட்டிய பிறகும் வெள்ளைத் துகள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கொட்டிவிடுங்கள். பாதுகாப்பு மையத்துக்குப் போகிறவர்கள் பதற வேண்டாம்: திறந்த குப்பி, 30 டிகிரிக்குள் இருந்தால், பெரும்பாலான வகைகளில் 28 நாள் தாங்கும். ஈர மணல் போட்ட மண்பானை கோடைக்கு நல்ல யோசனை. அடைமழைக் காற்றில் ஈரம் ஆவியாகாது, பானையும் குளிராது. மழை நாளில் நிழலான இடமே போதும்.

டவர் விழுந்தால் பில் போடும் கம்ப்யூட்டரும் க்யூஆர் கோடும் சேர்ந்தே படுத்துவிடும். கார்பன் வைத்த பில் புத்தகம் ஒன்று, பத்து இருபது ரூபாய்ச் சில்லறை, டார்ச் ஆகியவற்றை முன்னாலேயே எடுத்து வையுங்கள். கைப்பில்லிலும் பேட்ச் நம்பர், காலாவதித் தேதி எழுத வேண்டும். ஷெட்யூல் எச்1 மருந்துக்கான (கூடுதல் கட்டுப்பாடுள்ள சில ஆன்டிபயாடிக், தூக்க மாத்திரை போன்றவை) பதிவேட்டை, கரண்ட் வந்த பிறகு நினைவிலிருந்து நிரப்பக் கூடாது, அன்றே எழுதுங்கள். அதை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். விலை அட்டையில் அச்சிட்டதைத் தாண்டக் கூடாது, புயல் என்றாலும்.

தண்ணீர் வடிந்த பிறகு காய்ச்சலோடு வருகிறவர்கள் ஆன்டிபயாடிக் கேட்பார்கள். எலிக்காய்ச்சலா டெங்குவா தெரியாமல் அதைக் கொடுக்க முடியாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரையும் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமால் கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பெரிய ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்கச் சொல்லுங்கள். டம்ளர் தண்ணீரில் பாதியைக் கொட்டிக் குடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு, உப்பு கூடிவிடும்.

வெள்ளநீர் தொட்ட அட்டைகளைத் துடைத்துக் காயவைத்து விற்கும் ஆசை வரும். அலுமினியத் தாளில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தரையோரத் தட்டில் நனைந்த சரக்கைத் தனிப் பெட்டியில் போட்டு, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி, பேட்ச் வாரியாகப் பட்டியலெடுத்துப் படமும் எடுத்து வையுங்கள். மருந்து ஆய்வாளருக்கும் காப்பீட்டுக்கும் அந்தப் பட்டியல் வேண்டும். அது தயாராகும்வரை பெட்டி கடையை விட்டு வெளியே போகக் கூடாது.