தணல் கனியும்வரை

முகாமில் விறகு பற்றிக்கொண்டதும் பிள்ளைகளுக்குப் பசியும் பற்றிக்கொள்ளும். உடனே சட்டியை ஏற்றிவிடத் தோன்றும். ஆனால் சுடர் ஆளுயரம் எழும் அந்த முதல் அரைமணி நேரம்தான் சமைப்பதற்கு மிக மோசமான நேரம்.

விறகு அப்படியே எரிவதில்லை. முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின் மரத்தை ஆக்கியிருக்கும் செல்லுலோஸ், லிக்னின் என்ற பொருள்கள் சிதைந்து வாயுக்களாக வெளியேறுகின்றன. அந்த வாயுக்கள் காற்றோடு கலந்து எரிவதுதான் சுடர். அதன் மஞ்சள் நிறம், முழுதாக எரியாத நுண்ணிய கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால் வருவது. அதே துகள்கள் குளிர்ந்த சட்டியில் பட்டால் கரியாகப் படிகின்றன; இறைச்சியில் படிந்தால் கசக்கும். போதாக்குறைக்குச் சுடர் காற்றுக்கு ஆடும். ஒரு பக்கம் கருகும்போது மறுபக்கம் பச்சையாகவே இருக்கும்.

ஈர விறகு என்றால் நிலைமை இன்னும் கெடும். ஒரு கிலோ நீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கத் தேவையான வெப்பத்தைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு, கொதித்த அந்த நீரை முழுக்க ஆவியாக்கவே செலவாகிறது. உணவுக்குப் போகவேண்டிய சூடு விறகை உலர்த்துவதிலேயே கரைந்துபோகும்.

வாயுக்கள் தீர்ந்தபின் எஞ்சும் கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் நேரடியாக வினைபுரிகிறது. புகை அடங்கி, செந்தணல் கனிகிறது. இப்போது வெப்பம் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிராக, சீராக வரும். இந்தக் கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் (செல்சியஸோடு 273ஐக் கூட்டினால் வருவது) நான்காம் அடுக்குக்கேற்ப மாறுவது. தணல் 700 டிகிரியிலிருந்து 600க்கு இறங்கினாலே அது மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்துவிடும். லேசாக விசிறியதும் சூடு சுரீரென ஏறுவதும், சாம்பல் மூடியதும் தணிவதும் இதனால்தான். தணலை ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் பரப்பிவிட்டால் போதும்; சட்டியை நகர்த்தியே சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம்.

வயிறு நிறையச் சாப்பிட நினைப்பவர்கள் இறைச்சியும் கிழங்கும் சேர்ந்த கெட்டிக் குழம்பைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். நீர் இருக்கும்வரை குழம்பு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், நெருப்பு எவ்வளவு ஏறினாலும். கடினமான இறைச்சியிலுள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் 70 டிகிரிக்குமேல் மெல்ல மெல்ல மென்மையான ஜெலட்டினாக மாறும். அதற்கு மணிக்கணக்கில் பொறுமை வேண்டும், பெரிய நெருப்பு வேண்டாம். வறுத்த மணம் தரும் மெயிலார்ட் வினை மட்டும் 140 டிகிரி அளவில்தான் வேகம் பிடிக்கும். ஈரமான பரப்பு அந்தச் சூட்டை எட்டாது. எனவே இறைச்சியைத் துடைத்து, காய்ந்த சட்டியில் சிவக்க வறுத்துவிட்டு அப்புறம் நீர் ஊற்றவேண்டும்.

வார்ப்பிரும்புச் சட்டி வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அலுமினியம் அதைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். வார்ப்பிரும்பின் பலம் அதன் கனம்: உள்வாங்கிய சூட்டை எளிதில் விடாது. தணல் ஏறி இறங்கினாலும் குழம்புக்கு அது தெரியாது. விளிம்பு உயர்ந்த மூடியின்மேல் கொஞ்சம் தணலை அள்ளிப்போட்டால் சட்டியே ஓவன் போலாகி, ரொட்டிகூட வெந்துவிடும். சட்டியின் வெளிப்புறக் கரியைப் பளபளவெனத் தேய்த்து எடுக்கவும் வேண்டாம் என்பேன். கறுத்த பரப்பு கதிர்வெப்பத்தை நன்றாக உறிஞ்சும், பளபளப்பானது திருப்பி அனுப்பும்.

மலைமேல் முகாம் என்றால் கணக்கு மாறும். 3000 மீட்டர் உயரத்தில் நீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவெனக் கொதித்தாலும் பருப்பும் பயறும் வேக நெடுநேரம் ஆகும். முதல்நாளே ஊறவைத்தால் பிழைத்தோம்.

குளிருக்கென்று தணலைக் கூடாரத்துக்குள் மட்டும் எடுத்துச்செல்லாதீர்கள். புகையே இல்லாவிட்டாலும் அது வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். வெளியில் விட்டுவந்த தணலும் சாம்பலுக்கடியில் மறுநாள்வரை உயிரோடு கிடக்கலாம். நீரூற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியாத நிலை வந்தபிறகு கிளம்பலாம்.