பஜ்ஜி எண்ணெயும் விமான எரிபொருளும்: என்ன விதி, யாருக்கு?

இந்தியாவிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களின் எரிபொருளில் 2027-இல் 1 சதவீதம், 2028-இல் 2 சதவீதம் பசுமை எரிபொருள், அதாவது தாவர எண்ணெய், கழித்த சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து தயாரிக்கும் எரிபொருள், கலந்திருக்க வேண்டும். 2023 நவம்பரில் தேசிய உயிரி எரிபொருள் ஒருங்கிணைப்புக் குழு வைத்த வழிகாட்டு இலக்கு இது. 2030-க்கு 5 சதவீதம்.

ஏன் 2027? சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கோர்சியா திட்டம் அந்த ஆண்டில்தான் கட்டாயமாகிறது. வெளிநாட்டுப் பயணங்களின் மொத்தக் கரியமில வாயு, 2019-இல் இருந்ததில் 85 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டியதற்கு விமான நிறுவனங்கள் ஈடுகட்ட வேண்டும். பசுமை எரிபொருள் போட்டால் அந்தச் சுமை குறையும்.

இந்த எரிபொருளை எரித்தாலும் இன்ஜின் புகையில் கரியமில வாயு வரத்தான் செய்யும். ஆனால் அது செடி ஏற்கெனவே காற்றிலிருந்து இழுத்ததுதான். பூமிக்கடியிலிருந்து புதிதாகத் தோண்டியது இல்லை. இன்ஜினையும் மாற்ற வேண்டாம். 2018 ஆகஸ்டிலேயே காட்டாமணக்கு எண்ணெயில் தயாரித்த எரிபொருளைக் கலந்து டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு விமானம் பறந்தது.

சரி, இவ்வளவு எண்ணெய்க்கு எங்கே போவது? எனக்கு இதில் முக்கியமாகப் படுவது நம் கடைகளின் வாணலிதான். இந்தியன் ஆயிலின் பானிப்பட் சுத்திகரிப்பு ஆலை, சமைத்துக் கழித்த எண்ணெயிலிருந்து ஆண்டுக்கு 35,000 டன் பசுமை எரிபொருள் தயாரிக்கத் திட்டமிட்டது; 2025 ஆகஸ்டில் அதற்கான கோர்சியா சான்றிதழும் வாங்கிவிட்டது.

சாயங்காலக் கடையில் நின்று பாருங்கள். எண்ணெய் கறுத்து, பஜ்ஜியை எடுத்த பிறகும் நுரை அடங்காமல், கரண்டியில் பிசின் போல ஒட்டும். திரும்பத் திரும்பக் காய்ந்து கெட்டதன் அடையாளம் அது. எண்ணெய் காயக் காய அதில் சேர்ந்து, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் பொருள்களுக்குத் துருவச் சேர்மங்கள் என்று பெயர்; அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை 2018 ஜூலை முதல் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. பொரிக்க ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் செலவழிக்கும் கடைகள் கணக்கு எழுதி வைக்க வேண்டும். கழித்ததை அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். கழித்த சமையல் எண்ணெயைச் சேகரித்து எரிபொருள் போன்ற வேறு பயனுக்குத் திருப்பும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ரூகோ' திட்டம் இதற்காகத்தான். பெரிய ஓட்டலில் கழித்த எண்ணெய் மலிவு விலையில் தள்ளுவண்டிக்குப் போய், அங்கிருந்து நம் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போவதை நிறுத்த இது நல்ல வழி. வானத்துப் புகையைவிட எனக்கு முதலில் கவலை அதுதான்.

கடைக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கூடுதல் விலை தருகிறேன் என்று யாராவது வந்து கேட்டால், அனுமதியைப் பார்த்துவிட்டு அப்புறம் டின்னைக் கொடுங்கள். எத்தனை லிட்டர், எந்தத் தேதி, யாரிடம் என்று நோட்டில் எழுதியும் வையுங்கள்.