ஒரே ஒளிபரப்பு, இரண்டு தரம்: பழைய பெட்டியைத் தூக்கிப் போடாமல் இருக்க ஒரு வழி

“சேனல்காரர்கள் படத்தின் தரத்தைக் கூட்டினால் பழைய செட்-டாப் பாக்ஸைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டியதில்லை என்று சொல்லும் நுட்பம் ஒன்று 2007-லேயே தயாராகிவிட்டது. எச்.264 என்ற வீடியோ சுருக்கத் தரநிலையின் பின்னிணைப்பாக வந்த ஸ்கேலபிள் வீடியோ கோடிங், சுருக்கமாக எஸ்.வி.சி.

ஜெர்மனியைப் பாருங்கள். அங்குள்ள பொது ஒளிபரப்பாளர்களான ஏ.ஆர்.டி.யும் இசட்.டி.எஃப்.பும் 2010-ல் எச்.டி.க்கு மாறியபோது 1280×720 பிக்சல், நொடிக்கு 50 படம் என்ற அளவைத் தேர்ந்தெடுத்தன. 1920×1080 காட்டும் டிவிகள் அப்போதே வீடுகளுக்கு வந்துவிட்டன. இரண்டையும் தனித்தனியாக ஒளிபரப்பினால் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு மடங்கு இடம் போகும்.

எஸ்.வி.சி. 720-ஐ அடித்தளமாக வைத்து, 1080-க்குத் தேவையான கூடுதல் தகவலை மட்டும் மேலடுக்காக அனுப்புகிறது. மேலடுக்குப் பொட்டலங்களுக்கு வகை எண் 20. பழைய பெட்டிக்கு அந்த எண் தெரியாது. தெரியாததைத் தள்ளிவிட்டு 720-ஐக் காட்டும்.

சரி, அந்தக் கூடுதல் தகவலை எப்படிச் சிறிதாக்குகிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சுருக்கிய வீடியோவில் ஒவ்வொரு படமும் முழுதாக வருவதில்லை. முந்தைய படத்தின் எந்தத் துண்டு எவ்வளவு நகர்ந்தது என்பதும், அப்படி நகர்த்திய பிறகும் பொருந்தாத மிச்சமும்தான் வருகின்றன. ஒரு கால்பந்து வீரர் 720 படத்தில் 8 பிக்சல் வலப்பக்கம் ஓடியிருந்தால், ஒன்றரை மடங்கு பெரிய 1080 படத்தில் அவர் 12 பிக்சல் ஓடியிருப்பார். அதைத் திரும்பச் சொல்வானேன்? மேலடுக்கு அந்த நகர்வைக் கீழடுக்கிடமிருந்து கடன் வாங்கிப் பெருக்கிக்கொள்கிறது. மிச்சத்தையும் அப்படியே பெரிதாக்கி எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கீழ்ப் படத்தையே பெரிதாக்கி மேலே பயன்படுத்தினால், டிகோடர் (சுருக்கியதை விரித்துப் படமாக்கும் பகுதி) முதலில் கீழ்ப் படம் முழுவதையும் கட்டி முடிக்க வேண்டும். வேலை அடுக்குக்கு அடுக்கு ஏறும். எச்.264-க்கு முந்தைய தரநிலையான எம்பெக்-2 காலத்து அடுக்கு முறைகளைச் சுமையாக்கியது இதுதான். எஸ்.வி.சி.யில் ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள்: வேறு படங்களைச் சாராமல் தானாகவே நிற்கும் துண்டுகளை மட்டுமே கீழ்ப் படத்திலிருந்து எடுக்கலாம். மற்ற இடங்களில் நகர்வும் மிச்சமும் போதும். அதனால் எத்தனை அடுக்கு இருந்தாலும், நகர்வை வைத்துப் படம் கட்டும் வேலை மேலடுக்கில் ஒரே தடவைதான். இவ்வளவு அழகான கட்டுப்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனாலும் ஜெர்மனி அந்த வழியில் போகவில்லை. ஏறக்குறைய பாதி பிட்டுகளிலேயே அதே தரத்தைத் தரும் ஹெச்.இ.வி.சி. என்ற அடுத்த சுருக்கத் தரநிலை 2013-ல் வந்தது. 2017-ல் தரைவழி ஒளிபரப்பு அதைக் கொண்டே 1080-க்குத் தாவியது. ஆண்டெனா வைத்திருந்தவர்கள் புதிய பெட்டி வாங்க வேண்டியிருந்தது.

அப்படியானால் பெர்லினில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் ஹைக்கோ ஷ்வார்ஸ், டெட்லெஃப் மார்ப்பே, தோமஸ் வீகாண்ட் போன்றோர் எஸ்.வி.சி.க்காக உழைத்தது வீணா? இல்லை என்பேன். சந்தை உடனே வாங்குமா என்று பார்த்து மட்டும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது தவறு. இன்று பலர் கூடிப் பேசும் வீடியோ அழைப்புகளில், இணைப்பு மெதுவாக உள்ளவருக்கு மேலடுக்குகளைக் கழித்துவிட்டு அடித்தளத்தை மட்டும் சர்வர் அனுப்ப முடிவது இதே அடுக்கு முறையால்தான்.