சிரிஞ்சு உறைக்குப் பின்னால் ஒரு நண்டு

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அம்மாவுக்கு ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பொழுது போகாமல் சிரிஞ்சு உறையில் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தேன். 'ஸ்டெரைல்' புரிந்தது. பக்கத்திலேயே 'நான்-பைரோஜெனிக்' என்று போட்டிருந்தது. கிருமி இல்லை என்று ஒரு தடவை சொன்னால் போதாதா? இன்னொன்று, அம்மா சுத்த சைவம். இதிலெல்லாம் விலங்கு ஏதாவது சம்பந்தப்பட்டிருக்கிறதா?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

பைரோஜன் என்றால் காய்ச்சலைக் கிளப்பும் பொருள். ஈ கோலை, சால்மொனெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளித்தோலில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு மூலக்கூறு உண்டு. அதற்குப் பெயர் எண்டோடாக்சின். மருந்தை 121 டிகிரி நீராவியில் வேகவைத்தால் பாக்டீரியா செத்துவிடும், தோல் துணுக்கு அப்படியே மிதக்கும். பாம்பு போன பிறகும் சட்டை கிடப்பதுபோல. இந்தச் சட்டைக்கு மட்டும் விஷம் உண்டு. அதை அழிக்க 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். கண்ணாடிப் புட்டி தாங்கும், உள்ளே இருக்கும் மருந்து தாங்காது. ஆகவே கிருமி இல்லை என்பது ஒரு வாக்குறுதி, காய்ச்சல் வராது என்பது இன்னொன்று.

நம் குடலில் இந்தச் சரக்கு ஏராளம், அங்கே இருக்கும்வரை தொல்லை இல்லை. நேராக ரத்தத்தில் கலந்தால்தான் வினை. எங்கள் பெரியம்மாவுக்கு ஒருமுறை பாட்டில் ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கட்டிலே ஆடும்படி நடுக்கம் கண்டது. நர்ஸ் "ரைகர்" என்று சொல்லிக் குழாயை மூடினார். பக்கத்துக் கட்டில் பாட்டி கண் பட்டுவிட்டது என்று விபூதி பூசினார். காரணம் எதுவென்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று என்ற அளவில் பாட்டியும் தப்பில்லை. காய்ச்சி வடித்த நீரை ஊசியில் ஏற்றினால்கூட ஏன் காய்ச்சல் வருகிறது என்று 1923-இல் துப்பு துலக்கியவர் புளோரன்ஸ் சைபர்ட் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. நீரில் பாக்டீரியா விட்டுப்போன கழிவுதான் குற்றவாளி.

அதைப் பிடிக்க முயலைக் கூப்பிட்டார்கள். 1942-இல் அமெரிக்க மருந்துத் தர நூலில் இந்தச் சோதனை ஏறியது. மூன்று முயல்கள். கழுத்தை மட்டும் பிடித்துவைக்கும் சட்டம், காது ரத்தக்குழாயில் ஊசி, ஆசனவாயில் தெர்மாமீட்டர், மூன்று மணி நேரம். சூடு அரை டிகிரி அளவுக்கு ஏறினால் மருந்து சந்தேகத்துக்கு உரியது. முயல் பெரும்பாலும் சாகாது, ஓய்வு கொடுத்துத் திரும்பவும் கொண்டுவருவார்கள். அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை.

சரி, நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். குதிரைலாட நண்டு. பெயரில்தான் நண்டு, சொந்தமெல்லாம் சிலந்தி, தேள் பக்கம். கவிழ்த்த இரும்புச் சட்டிக்கு ஈட்டி வால் வைத்ததுபோல இருக்கும். ஒடிசா கடற்கரையிலும் உண்டு. நாற்பது கோடி வருடத்துக்கு மேலாக இந்த உருவம் அதிகம் மாறவில்லை. ரத்தத்தில் இரும்புக்குப் பதில் தாமிரம் இருப்பதால், காற்றுப் பட்டால் நீலம்.

இதற்கு நம்மைப் போல மூடிய ரத்தக் குழாய் அமைப்பு கிடையாது. உடம்புக்குள் ரத்தம் தளும்பிக்கொண்டிருக்கும். கிருமியை அடையாளம் கண்டு பிடிக்கும் எதிர்ப்புரதமும் (ஆன்டிபாடி) கிடையாது. ஓட்டில் ஒரு விரிசல் விழுந்தால் சேற்றுக் கடல்நீர் நேராக உள்ளே. ஒரு சொட்டிலேயே ஆயிரக்கணக்கில் பாக்டீரியா, அதில் பெரும்பாலானவை கிராம்-நெகட்டிவ். என்ன செய்யும் இந்தப் பிராணி?

அதன் ரத்தத்தில் அமீபோசைட் என்ற ஒரு செல். உள்ளே குட்டிக் குட்டிப் பைகள். எண்டோடாக்சின் வாடை பட்ட மாத்திரத்தில் பைகள் வெடித்துத் திறக்கும். முதலில் வெளிவரும் காவலாளி 'காரணி சி' என்ற புரதம். எண்டோடாக்சின் வந்து ஒட்டியதும் அது தன்னைத் தானே வெட்டிக்கொண்டு விழித்துக்கொள்ளும். விழித்தது சும்மா இருக்காது, 'காரணி பி' என்ற அடுத்த நொதியை எழுப்பும், ஒன்றல்ல, பலவற்றை. அவை ஒவ்வொன்றும் உறைய வைக்கும் நொதிகளைப் பல மடங்காக எழுப்பும். கல்யாணச் செய்தி ஊரில் பரவுகிற வேகம். கடைசியில் அந்த நொதிகள் கோயாகுலோஜன் என்ற கரைந்த புரதத்தை நறுக்க, துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து, ரத்தம் கெட்டித் தயிராகிவிடும். உள்ளே வந்த பாக்டீரியா வாசலிலேயே சிறை. ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால், அதில் சில பங்கு எண்டோடாக்சின் ஒரு மில்லிலிட்டரில் இருந்தாலே போதும், தயிர் உறையத் தொடங்கிவிடும்.

பிரெட்ரிக் பேங் என்பவர் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் இந்த நண்டுக்குப் பாக்டீரியா ஊசி போட்டுப் பார்த்தார். ரத்தம் முழுக்க உறைந்துபோனது. கொதிக்க வைத்துக் கொன்ற பாக்டீரியாவும் அதையே செய்தது. 1956-இல் எழுதினார். மருந்துச் சோதனை எதையும் அவர் தேடவில்லை. கடல் பூச்சிக்குச் சீக்கு வந்தால் நமக்கென்ன என்று நிதிக்குழு கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அப்புறம் ஜாக் லெவின் என்ற ரத்தவியல் மருத்துவருடன் சேர்ந்து, செல்களைப் பிரித்து, தண்ணீரில் வெடிக்க வைத்து, சாறெடுத்தார்கள். 1977-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. சோதனைக்குழாயில் மருந்தும் சாறும் சம அளவு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு குழாயைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். கட்டி அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் மருந்து தேறவில்லை, வழிந்தோடினால் தேறிவிட்டது.

முயல் பிழைத்தது, நண்டு மாட்டிக்கொண்டது. அமெரிக்க அட்லாண்டிக் கரையில் நண்டுகளைப் பிடித்து வரிசையாகக் கட்டி, உடல் மடியும் இடத்துச் சவ்வு வழியாக இதயத்தில் ஊசி குத்துகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு வரை ரத்தம் போகும், பிறகு கடலில் விடுவார்கள். அவற்றில் 15 முதல் 30 சதவீதம் சாகும் என்பது மதிப்பீடு. டெலவேர் விரிகுடாவில் நண்டு முட்டையை நம்பி வரும் ரெட் நாட் பறவைக்கும் சேர்த்து அடி. முயலுக்கு நீளக் காதும் பஞ்சு உடம்பும் இருந்தன, அதற்காகப் பேச ஆட்கள் வந்தார்கள். ஈட்டி வால்காரனுக்காக வெகுநாள் யாரும் வரவில்லை.

வழி சிங்கப்பூரில் பிறந்தது. டிங் ஜீக் லிங், ஹோ பாவ் என்ற விஞ்ஞானித் தம்பதி, உள்ளூர்ச் சதுப்புநில நண்டின் காரணி சி மரபணுவை மட்டும் பிரித்தெடுத்தார்கள். பாக்டீரியாவில் வளர்க்க வசதியில்லை, அதன் தோலே எண்டோடாக்சின் ஆயிற்றே! ஈஸ்டில் முயன்று சரிப்படவில்லை. கடைசியில் பூச்சி செல்லில் வைத்தார்கள். நண்டுக்குத் தூரத்து உறவல்லவா, புரதம் வேலை செய்தது. தயிருக்குப் பதில், காரணி சி விழித்தால் ஒளிரும் ஒரு சாயம். நண்டு தேவையில்லை.

இந்தச் செயற்கைப் புரதம் 2003-இலேயே சந்தைக்கு வந்தது. ஐரோப்பிய மருந்துத் தர நூலில் தனி அத்தியாயமாக நடைமுறைக்கு வந்தது 2021-இல். அமெரிக்காவில் 2025-இல். இத்தனைக்கும் இடையில் அறிவியல் காத்திருக்கவில்லை, காகிதம்தான் காத்திருந்தது. புது முறையைக் கண்டுபிடிக்கப் பணம் தருவோர் உண்டு, அது பழைய முறைக்குச் சமம் என்று ஆயிரம் தடவை சோதித்துக் காட்டும் சலிப்பான வேலைக்குப் பணம் தர ஆளில்லை என்பது என் புகார். இந்தியாவும் 2023-இல் விதிகளைத் திருத்தி, விலங்கில்லாத முறைகளுக்கு வழிவிட்டிருக்கிறது. அவற்றை நிரூபிக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் காசு ஒதுக்கினால் நல்லது.

எல்லா விலங்குச் சோதனைக்கும் இது பொருந்தாது. ஒரு புது மருந்து கல்லீரலில் என்னவாக மாறும், கருவிலிருக்கும் பிள்ளையை என்ன செய்யும் என்றெல்லாம் ஒற்றைப் புரதத்திடம் கேட்க முடியாது. நண்டிடம் நாம் கேட்டது ஒரே கேள்வி, பதில் சொன்ன புரதம் எது என்றும் கண்டுபிடித்துவிட்டோம்.

வாசகருக்கு: அம்மாவின் பாட்டிலுக்குள் நண்டும் இல்லை, முயலும் இல்லை. அந்த பேட்சிலிருந்து எடுத்த சில சொட்டு மட்டும் எங்கோ ஒரு சோதனைக்குழாயில் நீல ரத்தத்துச் சாற்றைச் சந்தித்திருக்கலாம். லேபிளில் பேட்ச் எண் இருக்கும், காலாவதித் தேதி இருக்கும். எந்தச் சோதனை என்று போட மாட்டார்கள்.