ஒரு மீட்டர் இடம் விட்டாங்களா இல்லையா, எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

வேலூர் சத்துவாச்சாரியில இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். பக்கத்து மனையில வீடு எழும்புது, பிளான்ல பக்கவாட்டுல ஒரு மீட்டர் விடணும்னு இருக்கு, பாத்தா அவ்ளோ இடம் விட்ட மாதிரி தெரியல, கார்ப்பரேஷன்ல இருந்து வந்தா அவங்களுக்கு மட்டும் எப்படி தெரியும்னு. இதுக்குப் பதில் சட்டப் புத்தகத்துல பாதிதான் இருக்கு, மீதி எட்டாங்கிளாஸ் ஜியோமெட்ரியில இருக்கு.

சட்டப் பாதி உங்களுக்கே தெரிஞ்சதுதான், வேகமா சொல்லிடறேன். 1971-ஆம் வருஷ நகர் ஊரமைப்புச் சட்டம், அதுக்குக் கீழ 2019-ல வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள். இந்த ரெண்டுலதான் எவ்ளோ உயரம், எவ்ளோ பரப்பு, சுத்தி எவ்ளோ இடம்னு எல்லாம் வருது. பிளானை மீறி கட்டினா சட்டத்தோட 56, 57-ஆம் பிரிவுல நோட்டீஸ், வேலையை நிறுத்தச் சொல்றது, பூட்டி சீல் வைக்கிறது, கடைசியா இடிக்கிறது. 2024 டிசம்பர் 17-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல, கட்டும்போதே அப்பப்போ போய்ப் பாக்கணும், அனுமதி வாங்கின பிளானை சைட்லயே மாட்டி வைக்கணும், முடிப்புச் சான்று பாத்துட்டுதான் கரன்ட் தண்ணி குடுக்கணும்னு சொல்லிடுச்சு. காத்து வர, வெளிச்சம் வர, தீப்பிடிச்சா ஆள் நுழைய அந்த இடைவெளி வேணும், வேலூர் வெயில்ல சுவரோட சுவர் ஒட்டி இருக்கிற வீட்டுல மே மாசம் தூங்கிப் பாத்தவங்களுக்கு இதை நான் விளக்கவே வேணாம்.

இப்போ பலரும் கேக்கறது, சேட்டிலைட்லயே பாத்துடலாமேன்னு. இலவசமா கிடைக்கிற சென்டினல்-2 படத்துல ஒரு புள்ளியே தரையில 10 மீட்டர், அதுல ஒரு வீடு ரெண்டு மூணு புள்ளிதான். நம்ம கார்ட்டோசாட்-3 கால் மீட்டர் வரைக்கும் காட்டும், புதுசா ஒரு மாடி வந்திருக்கா, காலி மனையில கூரை முளைச்சிருக்கான்னு கண்டுபிடிக்க அது பிரமாதம். ஆனா மேல இருந்து தெரியறது கூரையும் சன்ஷேடும்தான், சுவர் அதுக்குக் கீழ ஒளிஞ்சிருக்கு. அதைவிடப் பெரிய சிக்கல், மனையோட எல்லைக்கோடு வானத்துல இருந்தும் தெரியாது, தரையில நின்னாலும் தெரியாது. காம்பவுண்டு சுவர்னு ஒண்ணு இருக்கும், அது எல்லையிலதான் கட்டியிருக்குன்னு யார் சொன்னது? இடைவெளிங்கறது ஒரு கோட்டுல இருந்து அளக்கிற தூரம், கோடே எங்கன்னு தெரியலன்னா டேப்பை எங்க வைக்கிறது.

அந்தக் கோடு இருக்கிற இடம்தான் புலப்படம், சர்வேயர் பாஷையில எஃப்எம்பி. எனக்கு இதைப் பாக்கப் பாக்க அலுக்காது. ஒரு சர்வே நம்பரோட படத்தை எடுத்தா ஓரத்துல மூலைக்கு மூலை அளவுக்கல், ஒரு கல்லுல இருந்து இன்னொரு கல்லுக்குக் குறுக்கால ஒரு கோடு, அதுல இருந்து வளைஞ்சு நெளிஞ்சு போற ஓரத்துக்குச் செங்குத்தா சின்னச் சின்ன அளவுகள். மொத்த நிலத்தையும் முக்கோணமா வெட்டி வச்சிருப்பாங்க. பழைய படங்கள்ல அளவு லிங்க்ல இருக்கும், 66 அடி சங்கிலி, அதுல 100 லிங்க். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர்னு வர்ற மாதிரி 1620 வாக்குல கண்டர்னு ஒரு இங்கிலீஷ்காரர் யோசிச்சு வச்சது, அதனாலதான் சரியா 1000 சதுர லிங்க் ஒரு சென்ட், மனசுலயே கணக்குப் போட்டுடலாம்.

ஏன் முக்கோணம்? நாலு பக்க அளவும் குடுத்தா நாற்கரத்தோட வடிவம் முடிவாகாது, நாலு குச்சியைக் கயிறு போட்டுக் கட்டினா சாயுமே அப்படி அது சாயும். குறுக்கால ஒரே ஒரு அளவு சேத்துட்டா அசையாது.

முகப்பு 30 அடி, ஆழம் 40 அடின்னு ஒரு மனை. மூலை மட்டமா, அதாவது செங்கோணமா இருந்தா குறுக்களவு 50 வரணும். அளந்து பாத்தா 48 வருதுன்னு வச்சுக்கோங்க, இன்னொரு குறுக்கு கிட்டத்தட்ட 52 வரும். நாலு பக்கமும் பத்திரத்துல இருக்கிற அதே 30, 40, 30, 40தான். பரப்பு 1200 சதுர அடியில இருந்து 1196 ஆகும், நாலே நாலு சதுர அடி கம்மி, யாரும் கவலைப்பட மாட்டாங்க. ஆனா பின்மூலை பக்கவாட்டுல எவ்ளோ நகர்ந்திருக்கு தெரியுமா, 3 அடி 3 அங்குலம்! ஒரு மீட்டருங்கறதே அவ்ளோதான். மேஸ்திரி ரோட்டை வச்சு நூல் புடிச்சு, 3-4-5 போட்டு மூலை மட்டம் பாத்து, முன்னாடி ரெண்டு பக்கமும் ஒரு மீட்டர் விட்டு நேரா கட்டிக்கிட்டுப் போறார், வேலையில ஒரு குத்தமும் சொல்ல முடியாது, ஆனா பின்னாடி போகப் போக ஒரு பக்கம் இடைவெளி கரைஞ்சு காணாமப் போகுது, இன்னொரு பக்கம் ரெண்டு மீட்டர் ஆகுது. அந்த வாசகர் பாத்தது இதுவாவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் ஏமாத்தறார்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க.

ஏமாத்தறவங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல. அதோட எனக்குக் கோவம் வர்றது வாஸ்துல. இன்ஜினியர் கணக்குப் போட்டு, அனுமதி வாங்கி, கடைக்கால் எடுத்தப்புறம் ஒருத்தர் வந்து "இன்னாபா இது, படிக்கட்டு தென்மேற்குல வரணும்"னு சொல்லிட்டுப் போறார், படிக்கட்டு அப்படியே தூக்கிட்டுப் போய் விட்டு வச்ச இடைவெளிக்குள்ள உக்காருது. மூலைக்குப் பலன் சொல்ல எந்த அளவும் கிடையாது, சோதிச்சுப் பாத்த ஆளும் கிடையாது, ஆனா அந்த மூச்சு விடற சந்து போனா பக்கத்து வீட்டுக் கிழவிக்கு ஜன்னல்ல காத்து வராது, அது உறுதி.

நம்ம ஊர்ல இன்னொரு கோடும் இருக்கு, கோட்டையைச் சுத்தி. தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கிற எல்லையில இருந்து 100 மீட்டருக்குப் புதுசா கட்டவே கூடாது, அதுக்கு அடுத்த 200 மீட்டருக்கு தனி அனுமதி வேணும், 2010-ல திருத்தின சட்டம். இங்கயும் அதே கதைதான், 100 மீட்டர் எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு கோடு தெரிஞ்சாதான் பேச்சே.

என் கருத்து ஒண்ணு சொல்லிடறேன். சீல் வைக்கிறதுக்கும் இடிக்கிறதுக்கும் ஆகிற செலவுல கொஞ்சத்தை சர்வேயர் பணியிடத்துக்கும், சென்டிமீட்டர் கணக்குல இடம் காட்டுற ஜிபிஎஸ் கருவிக்கும் போடணும். கடைக்கால் குழி தோண்டற அன்னிக்கு ஒரு ஆள் வந்து ரெண்டு குறுக்களவும் எடுத்தா தப்பு அப்பவே தெரியும், அப்போ திருத்தறதுன்னா சுண்ணாம்புக் கோட்டை அழிச்சு மாத்திப் போடறதுதான். ரூஃப் கான்கிரீட் போட்டப்புறம் தெரிஞ்சா ஒரு குடும்பத்தோட லோனும் சேந்து இடியும்.

வாசகருக்கு: தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் வெப்சைட்ல உங்க சர்வே நம்பருக்குப் புலப்படம் கிடைக்குதான்னு பாருங்க, டவுன் சர்வே நடந்த ஏரியான்னா தாலுகா ஆபீஸ்ல நகர நில அளவைப் பதிவு கேளுங்க. ரெண்டு பேருமா சேந்து டேப்பை மூலைக்கு மூலை குறுக்கால போட்டுப் பாருங்க, அப்பவும் சந்தேகம் தீரலன்னா எஃப் லைன், அதாவது நிலத்தோட எல்லைக்கோடு, அளக்க மனு குடுத்து கட்டணம் கட்டினா சர்வேயர் வந்து எல்லையைக் காட்டுவார். கோடு எங்கன்னு கையில வச்சுக்கிட்டு அப்புறம் கார்ப்பரேஷனுக்குப் புகார் எழுதுங்க, அந்தக் காகிதத்தை இணைச்சு.