ரெப்பரேஷன்: இழப்பீடா, நட்டஈடா, தண்டமா?

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் தேடி அலைபவர் வாயில் வரும் ‘ரிப்பேர்’ என்ற சொல்லும், வரலாற்றுப் பாடத்தில், முதலாம் உலகப் போருக்குப் பின் ஜேர்மனியோடு செய்த வெர்சாய் உடன்படிக்கையோடு வரும் ‘ரெப்பரேஷன்’ என்ற சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தாய்ச்சொல் இலத்தீன் ‘ரெபராரே’: மீண்டும் ஆயத்த நிலைக்குக் கொண்டுவருதல், பழுது திருத்துதல். அதில் தண்டனையும் இல்லை, குற்றவாளியும் இல்லை. ஒன்று உடைந்திருக்கிறது, திருத்த வேண்டும், அவ்வளவுதான். தண்டனை பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அது ஒட்டிய விதம் தெரிந்தால் தமிழில் எந்தச் சொல்லை எங்கே போடுவது என்பதும் தெரிந்துவிடும்.

தோற்றவன் வென்றவனுக்குக் கொடுப்பதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததில்லை. சங்கப் பாடல்களில் அது திறை. இலங்கையின் கோட்டை இராச்சிய மன்னர் போர்த்துக்கேயருக்குக் கறுவாவாகக் கொடுத்தது கப்பம். (இன்றைய இலங்கைப் பத்திரிகைகளில் ‘கப்பம்’ என்றால் மிரட்டிப் பறிக்கும் பணம், ஆகவே அரசுகளுக்கு இடையிலான கணக்குக்கு அந்தச் சொல் இனி உதவாது.) திறையும் கப்பமும் பணிவின் அடையாளங்கள், பெரும்பாலும் ஆண்டுதோறும் செலுத்தப்பட்டவை. 1871 பிராங்பேர்ட் உடன்படிக்கையில் பிரான்ஸ் மீது ஜேர்மனி சுமத்திய 5 பில்லியன் பிராங்க் வேறு வகை. தொகை முன்கூட்டியே குறிக்கப்பட்டது. கட்டி முடிக்கும்வரை ஜேர்மன் படை பிரான்சில் நின்றது. 1873இல் பிரான்ஸ் தவணைக்கு முன்பே கட்டி முடித்தது. இன்ன சேதத்துக்கு இன்ன தொகை என்ற கணக்கு அதில் இல்லை. இதற்குச் சரியான தமிழ் ‘போர்த் தண்டம்’. ‘இழப்பீடு’ என்று எழுதுவது பிழை.

முதலாம் உலகப் போரின் முடிவில் அந்தப் பழைய வழக்கத்தை விடுவதாகத்தான் பேச்சு. தண்டப்பணம் கேட்கப்படாது என்று 1918 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் அறிவித்தார். பொதுமக்களுக்கும் அவர்களது சொத்துக்கும் நேர்ந்த சேதத்துக்கு மட்டும் ஈடு கேட்கப்படும் என்பதே போர்நிறுத்தத்துக்கு முன் ஜேர்மனிக்குச் சொல்லப்பட்டது. ‘ரெப்பரேஷன்’ என்ற சொல் அங்கே பொருந்தி நின்றது. பாரிஸ் மாநாட்டில் அதை இழுத்து நீட்டினார்கள். போர்வீரர்களின் ஓய்வூதியமும் குடும்பப் படியும் ‘பொதுமக்கள் சேதம்’ என்ற தலைப்புக்குள் நுழைந்தன, கணக்கு வீங்கியது.

அதைவிடப் பெரிய வினை வெர்சாய் உடன்படிக்கையின் 231ஆம் உறுப்புரையால் வந்தது. நட்டத்துக்கு ஜேர்மனியும் அதன் நேச நாடுகளும் பொறுப்பு என்பதுதான் அதன் வாசகம். ‘குற்றம்’ என்ற சொல் அதில் இல்லை. இழப்பீடு கேட்பதற்குச் சட்ட அடிப்படை வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட உறுப்புரை அது. ஒஸ்திரியா, ஹங்கேரி உடன்படிக்கைகளிலும் அதே வாசகம் உண்டு. ஆனால் ஜேர்மன் மொழியில் ‘ஷுல்ட்’ என்ற ஒரே சொல் கடனையும் குற்றத்தையும் குறிக்கும். ஜேர்மானியர் 231ஐப் ‘போர்க் குற்ற உறுப்புரை’ (போரை மூட்டிய குற்றம் என்ற பொருளில்) என்றே அழைத்தார்கள். அதன்பின் கட்டிய ஒவ்வொரு தவணையும் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவதுபோல அவர்களுக்குப் பட்டது.

1921 மே மாதம் இலண்டனில் நிர்ணயித்த தொகை 132 பில்லியன் தங்க மார்க். பாடப்புத்தகங்கள் இந்த எண்ணோடு நின்றுவிடுகின்றன. அது மூன்று பிணைமுறிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது: ‘ஏ’ 12 பில்லியன், ‘பி’ 38 பில்லியன், ‘சி’ 82 பில்லியன். ஜேர்மனிக்கு வசதி வரும்போதுதான் ‘சி’ வெளியிடப்படும் என்று விதி. எனவே நடைமுறைக் கடன் 50 பில்லியன். மீதி பிரான்சிலும் பிரித்தானியாவிலும் வாக்காளர்களைச் சமாதானப்படுத்தக் காகிதத்தில் எழுதிய எண். அந்த எண்ணே ஜேர்மன் தீவிர வலதுசாரிகளின் மேடைப்பேச்சுக்குத் தீனி ஆனது.

சிக்கல் தொகையில் மட்டும் இல்லை, செலுத்தும் வழியிலும் இருந்தது. தங்கமாகவோ வெளிநாட்டு நாணயமாகவோ கட்ட வேண்டும் என்றால், இறக்குமதியைவிட ஏற்றுமதி கூட வேண்டும். கடன் கேட்ட நாடுகளே ஜேர்மன் பொருளுக்குச் சுங்கச்சுவர் எழுப்பின. மரமும் நிலக்கரியும் குறித்தபடி வந்து சேரவில்லை என்று 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் பகுதிக்குள் படை அனுப்பின. அங்கே வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்க பேர்லின் அரசு நோட்டு அச்சடித்தது. போர்க்காலக் கடனால் முன்பே தளர்ந்திருந்த மார்க், நவம்பரில் ஒரு டொலருக்கு 4.2 ட்ரில்லியன் என்று விழுந்தது. 1924இல் தவணைகளைச் சீரமைத்த டோஸ் திட்டம் வந்த பின் அமெரிக்கக் கடன் ஜேர்மனிக்கும், ஜேர்மன் தவணை பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும், அவர்களின் போர்க்கடன் அமெரிக்காவுக்கும் என்று பணம் வட்டமடித்தது. 1929 பங்குச்சந்தைச் சரிவில் வட்டம் அறுந்தது. அதே ஆண்டு, தவணைகளை மறுபடி சீரமைத்த யங் திட்டத்தை எதிர்த்து வலதுசாரிக் கட்சித் தலைவர் ஹியூகன்பேர்க் நடத்திய பொதுவாக்கெடுப்பு இயக்கத்தில் ஹிட்லர் கூட்டுச் சேர்ந்தார். அவர்கள் முன்வைத்த சட்டவரைவு முதலில் கேட்டது போர்க் குற்றத்தை மறுக்க வேண்டும் என்பதை; பணம் அதற்குப் பிறகுதான். வாக்கெடுப்பு தோற்றது, ஹிட்லருக்கு நாடளாவிய மேடை கிடைத்தது. 1932இல் லோசான் மாநாட்டில் இழப்பீடு நடைமுறையில் முடிந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

இரண்டாம் போருக்குப் பின் இந்த அனுபவம் சொல்லையும் முறையையும் மாற்றியது. 1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 14ஆம் உறுப்புரை, ஜப்பான் ஈடுசெய்ய வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, முழுதாகச் செலுத்த அதற்கு வசதி இல்லை என்பதையும் சேர்த்தே எழுதியது. பர்மாவுக்கு 200 மில்லியன் டொலர், பிலிப்பைன்ஸுக்கு 550 மில்லியன் என்று பின்னர் வந்த ஒப்பந்தங்களில் பொருளும் சேவையுமே கொடுக்கப்பட்டன. வெளிநாட்டு நாணயம் தேட வேண்டிய தொல்லை இல்லை. ஜப்பானியத் தொழிற்சாலைக்கும் வேலை கிடைத்தது. இலங்கை எதையும் வாங்கவில்லை. அப்போது நிதியமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜயவர்தன, கேட்க உரிமை உண்டு என்பதை முதலில் பதிவு செய்தார்: விமானத் தாக்குதல் (கொழும்பில் 1942 ஏப்ரல் 5), நாட்டில் தங்கிய பெரும் படைகள், நேச நாடுகளுக்காக இறப்பர் மரங்களை மட்டுமீறிப் பால் வெட்டியது. பிறகு, பகையால் பகை தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி அந்த உரிமையைக் கைவிட்டார். மரத்துக்கு நேர்ந்த சேதத்தையும் கணக்கில் சேர்த்த அந்தப் பட்டியல், ‘ரெப்பரேஷன்’ என்பதன் மூலப்பொருளுக்கு 231ஆம் உறுப்புரையைவிட நெருக்கமானது.

இன்று சர்வதேசச் சட்டத்தில் சொல்லின் பரப்பு இன்னும் பெரிது. 2005இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற கோட்பாடுகள் ஐந்து வகை சொல்கின்றன: பறிபோனதைத் திருப்பிக் கொடுத்தல், பண ஈடு, மறுவாழ்வு, உண்மையை ஏற்று மன்னிப்புக் கேட்பது போன்ற மனநிறைவு நடவடிக்கை, மீண்டும் நடக்காது என்ற உறுதி. பணம் ஐந்தில் ஒன்றுதான். சிங்களம் இதை அழகாகப் பிரிக்கிறது: பணம் ‘வந்தி’, விரிந்த பொருள் ‘ஹானிபூரண’, அதாவது சேதத்தை நிரப்புதல். இலங்கையில் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீட்டுக்கான அலுவலகத்தின் சிங்களப் பெயரில் இருப்பது இரண்டாவது சொல். தமிழில் ‘இழப்பீடு’ என்கிறோம். தமிழ்நாட்டில் அது விபத்துக்குக் கிடைக்கும் பணத்தையும் குறிப்பதால், அங்குள்ள வாசகருக்கு மற்ற நான்கும் மறைந்துபோகும்.

‘நட்டஈடு’ என்பதில் நட்டம் வடமொழி, ஈடு தமிழ். யாழ்ப்பாணத்தில் காணியை ஈடு வைக்கும்போதும், ஈட்டு உறுதி எழுதும்போதும் வருவது இதே ஈடுதான்: சமமானது, பதிலாக நிற்பது. வெறும் தொகைக்கு ‘நட்டஈடு’ போதும். உடன்படிக்கைப்படி ஒரு நாடு செலுத்துவது ‘போர் இழப்பீடு’. சேதக்கணக்கு இல்லாமல் வெற்றியாளர் விதித்தால் ‘போர்த் தண்டம்’. ஐந்து வகையையும் சேர்த்துச் சொல்ல ‘ஈடுசெய்தல்’ என்ற வினையடிச் சொல்லே நல்லது. மன்னிப்பையும் மறுவாழ்வையும் அதனால் சுமக்க முடியும். 231ஐ மொழிபெயர்க்கும்போது ‘பொறுப்பு’ என்றே எழுத வேண்டும். அடைப்புக்குறிக்குள் ‘குற்றம்’ சேர்த்தால், அது உடன்படிக்கையின் வாசகத்தோடு ஜேர்மானியர் அதை வாசித்த விதத்தையும் சேர்த்து எழுதியதாகிவிடும்.