ஸ்லோ ஸ்க்ரூவ ஏத்திட்டு வராதீங்கண்ணே

இந்த வாரமும் ஒண்ணு வந்துடுச்சு. பழைய பிக்கப், 4 சிலிண்டர் டீசல், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இருந்து கேரளாவுக்கு காய் ஓட்டுற வண்டி. நியூட்ரல்ல நின்னா கேபின் உதறுது, சைடு மிரர்ல பின்னாடி வர்றது எதுவுமே தெரியலன்னு கம்ப்ளைன்ட். பானெட்டத் தூக்கிப் பாத்தா டீசல் பம்பு முழுக்க அழுக்கு அப்பிக் கிடக்கு, ஸ்லோ ஸ்க்ரூவோட (கால் வைக்காம சும்மா நிக்கும்போது இஞ்சின் ஓடுற வேகத்த, அதான் ஸ்லோவ, செட் பண்ற ஸ்க்ரூ) லாக் நட்டு மட்டும் பளபளன்னு புது ஸ்பேனர் தடத்தோட இருக்கு. கேட்டா, "ஆமாண்ணே, ஆடிக்கிட்டே இருந்துச்சு, வழியில ஒருத்தர் கொஞ்சம் ரேஸ் ஏத்தி விட்டாரு, நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப மறுபடி ஆடுது"ன்னு சொல்றாப்ல. பழைய வண்டின்னு வர்றதுல முக்கால்வாசிக்கு இதே கதைதான், ஒவ்வொருத்தர்கிட்டயும் வாய் வலிக்க சொல்றதுக்கு ஒரேடியா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

ஸ்லோ கம்மியா இருக்குறதாலதான் இஞ்சின் ஆடுதுன்னு எல்லாருக்கும் ஒரு நெனைப்பு. அப்படி இல்லண்ணே. நல்லா இருக்குற 4 சிலிண்டர் டீசல் இஞ்சின் 750, 800 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு அத்தன சுத்து) பேசாம நிக்கும். 800ல ஓடுதுன்னா ஒவ்வொரு சிலிண்டரும் நிமிஷத்துக்கு 400 தடவ அடிக்குது, கணக்குப் போட்டா செகண்டுக்கு ஆறேழு தடவ. அதுல ஒரு சிலிண்டர் ஒழுங்கா அடிக்கலன்னா செகண்டுக்கு ஆறேழு தடவ ஒரு பள்ளம் விழுது, அதுதான் உங்க சீட்ல, ஸ்டியரிங்ல, கியர் ராடுல ஆட்டமா வருது. ஸ்க்ரூவ ஏத்தி 1200க்கு கொண்டு போனா அதே பள்ளம் செகண்டுக்கு 10 தடவ விழுது, ஃப்ளைவீல் வேகமா சுத்துறதால அது இழுத்துட்டுப் போயிடுது, ஆட்டம் அதிர்வா மாறி ஒடம்புக்கு அவ்வளவா தெரியாது. அந்த சிலிண்டர் அப்பவும் அடிக்கல, அது அடிக்காதது உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான் வித்தியாசம். ஒழுகுற குடத்துக்கு குழாய இன்னும் கொஞ்சம் தெறந்து விட்ட மாதிரி.

இதோட போனா பரவால்ல. பம்புக்குள்ள டீசல் அளவ கூட்டிக் குறைக்கிற கவர்னருக்கு எந்த சிலிண்டர் படுத்திருக்குன்னு தெரியாது, ஆர்பிஎம் குறைஞ்சா எல்லாத்துக்கும் சேத்து டீசல கூட்டும், அதுக்கு தெரிஞ்சது அது ஒண்ணுதான். சிலிண்டருக்குள்ள டீசல தூவுற நாசில் ஒண்ணு சொட்டுதுன்னு வைங்க, அதுக்கும் கூடுதலா டீசல் போகுது. அது எரியாம சிலிண்டர் சுவர்ல இருக்குற ஆயில் படலத்த கழுவிட்டு கீழ இஞ்சின் ஆயில் நிக்கிற சம்புக்கு எறங்குது. டிப் ஸ்டிக்க எடுத்துப் பாத்தா ஆயில் லெவல் ஏறியிருக்கும், மோந்து பாத்தா டீசல் வாடை. ஓனர் சந்தோஷமா "ஆயிலே குடிக்கலண்ணே, கூடத்தான் இருக்கு"ம்பாரு. டீசல் இஞ்சின்ல ஆயில் ஏறுனா அன்னைக்கே வண்டிய நிறுத்துங்க. அப்படியே ஓட்டுனா பேரிங்கு, லைனர்னு போகும், சொட்டுற நாசில் பிஸ்டன்ல ஓட்டையே போட்டுடும்.

இன்னொண்ணு, மலை எறங்குறவங்க கவனிங்க. கொடைக்கானல் ரோட்டுல ரெண்டாவது கியர்ல லோடோட எறங்கும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா இஞ்சின் வண்டியப் பிடிக்கணும். ஸ்லோ ஏத்தி வச்ச வண்டி மெதுவா வர்ற எடத்துல பிடிக்காது, தானே தள்ளிட்டுப் போகும். அந்த வேலையெல்லாம் பிரேக் தலையில விழும். ரிவர்ஸ் போடும்போது கியர் கரகரங்குறதும் இதே ஸ்க்ரூவாலதான், அதுக்கு தனியா கிளட்ச் பிளேட் மாத்துன ஆளெல்லாம் இருக்காங்க.

சரி, எங்கிருந்து பாக்கணும்? மொதல்ல ஆடுறது இஞ்சினா, வண்டியான்னு பாருங்க. பானெட்டத் தெறந்து ஆள் ஒருத்தர ஸ்டார்ட் பண்ணச் சொல்லி சைடுல நின்னு பாத்தாலே தெரியும். இஞ்சின் சத்தம் சீரா இருக்கு, ஆனா பாடி மட்டும் நடுங்குதுன்னா இஞ்சின சேஸிஸ்ல தாங்குற மவுண்டிங் ரப்பர் போயிருக்கும். ஆயில் ஒழுகி ஊறிப்போன ரப்பர் பாக்க முழுசாத்தான் இருக்கும், பாருல லேசா நெம்புனா பிரிஞ்சு வரும். சத்தத்துலயே தாளம் தப்புதுன்னா கோளாறு இஞ்சின்ல. 2005ல வந்த 702 சிசி டீசல் டாடா ஏஸ் மாதிரி ரெண்டு சிலிண்டர் வண்டி வச்சிருக்கவங்க இதுல சேராதீங்க, அது இயல்பாவே கொஞ்சம் உதறும், பக்கத்து வீட்டு 4 சிலிண்டர் வண்டியோட ஒப்பிட்டுட்டு வந்து என் உயிர எடுக்காதீங்க.

அடுத்தது காத்து. பழைய பம்பு வண்டியில ஐடிலிங் (அதான் ஸ்லோ) ஏறி எறங்கி ஆடுச்சுன்னா என் கை மொதல்ல போறது டேங்க்ல இருந்து, டீசல உறிஞ்சுற ஃபீட் பம்பு வரைக்கும் வர்ற லைனுக்குத்தான். "லீக்கே இல்லண்ணே, காஞ்சு கெடக்கு"ம்பாங்க. அண்ணே, அது உறிஞ்சுற பக்கம். அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும். காஞ்சு கெடந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம் கிடையாது. ராத்திரி நிறுத்துனா டீசல் டேங்குக்கே திரும்பிடும், காலைல ஹேண்ட் பம்ப அடிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும், காத்து இழுக்குதுங்குறதுக்கு அது தெளிவான அடையாளம்.

மேல சொன்னேனே காய் வண்டி, அதுல இதுதான். ஆடுதுன்னு மொதல்ல நாசில் நாலும் பாத்திருக்காங்க, அப்புறம் பம்பக் கழட்டி காலிபரேஷன் பண்ணியிருக்காங்க, நிக்கலன்னு கடைசியா ஸ்க்ரூ. ஃபீட் பம்புக்கு முன்னாடி ஒரு ஜான் ட்ரான்ஸ்பரன்ட் ட்யூப மாட்டி ஓட்டிப் பாத்தா குமிழி குமிழியா வருது. கைய வச்சு தடவிக்கிட்டே போனா சேஸிஸ் ஓரமா, பேட்டரி பெட்டிக்குப் பின்னாடி, ரப்பர் ஹோஸ இரும்பு பைப்போட கிளிப்புக்கு பதிலா கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருக்கு. கம்பி ரப்பருக்குள்ள எறங்கி நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. ஒரு முழம் ஹோஸ், ரெண்டு கிளிப். ஸ்க்ரூவ பழையபடி எறக்கி 800ல நிறுத்துனா ஒரு டம்ளர் தண்ணிய ஏர் ஃபில்டர் மேல வைக்கலாம், அப்படி நின்னுச்சு. பம்புக்கு செலவு பண்ண காசுக்கு அந்த மனுஷன் ரெண்டு டயர் போட்டிருக்கலாம்.

டீசல் ஃபில்டர், தண்ணி பிரிக்கிற கிண்ணம், அதோட ரப்பர் ரிங், இதெல்லாம் பாக்கணும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஃபில்டர் மாத்தும்போது பழைய ரிங்கையே திருப்பிப் போடுறத மட்டும் நிறுத்துங்கப்பா.

காத்து இல்லன்னு உறுதியான பெறகுதான் சிலிண்டர். பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டியா இருந்தா நாசில்ல ஏறுற பைப் நட்ட ஒவ்வொண்ணா அரைச் சுத்து தளத்திப் பாப்போம். தளத்துனதும் இஞ்சின் இன்னும் மோசமா தடுமாறுனா அந்த சிலிண்டர் வேலை செய்யுது, எந்த மாத்தமும் இல்லன்னா அதுதான் படுத்திருக்கு. படுத்தது நாசிலா, இல்ல கம்ப்ரஷனான்னு (சிலிண்டருக்குள்ள காத்த அமுக்குற அழுத்தம்) அடுத்து பிரிக்கணும். அந்த நாசில பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் போட்டா கோளாறு கூடவே போகுதான்னு தெரிஞ்சிடும். கழட்டும்போது அடியில பழைய காப்பர் வாஷர் ஒட்டிக்கிட்டு இருக்கும், டார்ச் அடிச்சுப் பாத்து நோண்டி எடுங்க. அத எடுக்காம மேல புது வாஷரப் போட்டு மாட்டுன வண்டி எத்தனையோ பாத்தாச்சு, நாசில் மேல ஏறி நின்னு டீசல் பட வேண்டிய எடத்துல படாது, புகைதான் வரும், பழி நாசில் மேல.

நாசில் இல்லன்னா டேப்பெட், அதாவது வால்வ தள்ளுற எடத்துல விடுற சின்ன கேப்ப பாக்கணும். சத்தம் போடுற டேப்பெட்ட விட சத்தமே போடாத டேப்பெட்டுதான் எனக்கு பயம். கேப் இல்லாம இறுகிப் போனா சூடான பெறகு வால்வு முழுசா உக்காராது, கம்ப்ரஷன் வெளிய போயிடும், கொஞ்ச நாள்ல வால்வே எரிஞ்சிடும். அதுவும் சரின்னா ஆயில் ஊத்துற மூடியத் தெறந்து பாருங்க, குபுகுபுன்னு புகை தள்ளுனா ரிங்கு, லைனர் வேலை. பம்பு வர்றது இதுக்கெல்லாம் அப்புறம்தான். சூடானா மட்டும் ஸ்லோ விழுது, சூட்டுல ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்குதுன்னா பம்பு தேஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு, அப்ப கழட்டி டெஸ்ட் பெஞ்சுல போடுங்க, வேணாங்கல.

இனிமே சொல்றத மட்டும் தயவுசெஞ்சு நல்லா கேட்டுக்கோங்க, முக்கியமா பட்டறையில புதுசா நிக்கிற தம்பிங்க. பைப் நட்டு தளத்துற வேலை காமன் ரெயில் வண்டியில (ஒரே குழாய்ல பயங்கர பிரஷர்ல டீசல தேக்கி வச்சு எல்லா நாசிலுக்கும் குடுக்குற வண்டி) கூடவே கூடாது. 2017 ஏப்ரல்ல நாடு முழுக்க பிஎஸ் 4 புகை விதி வந்தப்புறம் வந்த பிக்கப்புல பெரும்பாலும் அதுதான், அதுக்கு முன்னாடி வந்ததுலயும் இருக்கு, தெரியலன்னா கேட்டுட்டு தொடுங்க. பின் டயர்ல நாம அடிக்கிற காத்து 4 பார் சொச்சம். காமன் ரெயில்ல சும்மா ஸ்லோவுல நிக்கும்போதே 200 பாருக்கு மேல இருக்கும், ரேஸ் பண்ணா 1000 பாரத் தாண்டும். அந்த டீசல் ஊசி மாதிரி தோல ஓட்டை போட்டு உள்ள போகும். பாத்தா எறும்பு கடிச்ச புள்ளி மாதிரி இருக்கும், வலியும் அவ்வளவா இருக்காது, தொடச்சிட்டு வேலையப் பாப்பாங்க. சில மணி நேரத்துல கை வீங்கும், உள்ள சதை அழுக ஆரம்பிக்கும், விரல எடுக்குற வரைக்கும் போகும். பழைய வண்டி நாசிலே 200 பார் பக்கத்துலதான் தெறக்குது, அதனால அதுலயும் இஞ்சின் ஓடும்போது கைய வச்சு லீக் தேடாதீங்க, துணியப் பிடிச்சுக்கிட்டும் தேடாதீங்க, அட்டைய நீட்டிப் பாருங்க. யாருக்காவது பட்டுடுச்சுன்னா வலி இல்லன்னாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி, போனதும் "பிரஷர்ல டீசல் தோலுக்குள்ள ஏறிடுச்சு"ன்னு அதே வார்த்தையில சொல்லுங்க, சும்மா கீறல்னு சொன்னா ஊசியப் போட்டு அனுப்பிடுவாங்க.

காமன் ரெயில்ல ஐடிலிங் ஆடுனா ஸ்கேனர் மாட்டி வண்டியோட கம்ப்யூட்டர் டீசல கூட்டிக் குறைச்சு எந்த சிலிண்டருக்கு எவ்வளவு கரெக்‌ஷன் போகுதுன்னு பாக்கணும், நாசில்ல இருந்து மிச்ச டீசல் திரும்புற ரிட்டர்ன் லைன்ல நாலு பாட்டில் தொங்கவிட்டு எதுல டீசல் அதிகமா நெறையுதுன்னு பாக்கணும். கரும்புகையும் சேந்து வந்தா இஜிஆர் வால்வு (புகையில கொஞ்சத்த திரும்ப இஞ்சினுக்கே விடுற வால்வு) கரி பிடிச்சு மூடாம நிக்குதான்னு பாருங்க. இதுல ஸ்லோ ஸ்க்ரூவே கிடையாது, தேடாதீங்க.

வண்டியக் கொண்டு வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டம் ஆறிக் கிடக்குற பச்சை இஞ்சின்லயா, சூடான பெறகா, புகை வெள்ளையா கறுப்பா, கடைசியா யாரு எதக் கழட்டுனாங்க, கேன்ல எங்கயாவது டீசல் வாங்கி ஊத்துனீங்களா, இதெல்லாம் ஒளிக்காம சொல்லுங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும். லோடோட வந்து நின்னு அரை மணி நேரத்துல பாத்துக் குடுங்கன்னா டேப்பெட் கூட பாக்க முடியாது, இஞ்சின் ஆறணும். சாயங்காலமே விட்டுட்டு சாவியக் குடுத்துட்டுப் போங்க, காலைல மொத ஸ்டார்ட்ட நான்தான் அடிக்கணும். நீங்க வந்து சூடு பண்ணி வைக்காதீங்க.